எங்கள் வண்டி இளைத்த கதை

காரின் பின் சீட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒருவர் அவருடைய மகன், என் கணவர். இன்னொருவர் என் கணவரின் தோஸ்து. ராயபுரத்துக்காரர், காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுகிறவர். திட்டு விழுந்தால் குறுக்கே நிற்கலாம் என்று நானும் பின்னாலேயே வந்தேன். அந்தக் காரில்தான் மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவேன். சீட்டைக் கழற்றிவிட்டால் அவரை எங்கே உட்காரவைப்பது என்றுதான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா இது?" என்றார் மாமியார்.

"காரு சீட்டும்மா. வண்டில எட கொறைக்கிறோம்."

"அப்போ நான் எங்க குந்துறது?"

தோஸ்து சீட்டைச் சுவரோரம் பூப்போல இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் உங்கள ஆட்டோல கூட்டினு போறேன் அத்த," என்றேன்.

மாமியார் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்பாடா!" என்றார் அவர். "இத்தினி நாளா வாயத் தொறக்காம இருந்தேன். அந்த வண்டில ஏறி கதவச் சாத்தினாலே எனக்குக் கொமட்டிக்கினு வரும். நீ வேற ஏசி போடறேன்னு கண்ணாடிய ஏத்திடுவ. முந்தானைல எலுமிச்சம்பழத்த முடிஞ்சி வச்சிக்கினு மோந்துகினே வருவேன். மருமவ ஆசையா கூட்டினு போறாளே, அவகிட்ட போய் இன்னா சொல்றது? ஆட்டோன்னா காத்தாவது வரும்."

நான் திகைத்துப்போனேன். மூன்று வருடமாக மாமியாரைச் சொகுசாக அழைத்துப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஒவ்வொரு முறையும் வழியில் அவர் பேசாமல் வந்ததை மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். தோஸ்துதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். மாமியார் எழுந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். "வூட்ல போட்டா சோக்காத்தான் கீது," என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள் அவை. நாங்கள் திருவொற்றியூரில் இருந்தோம். என் கணவர் எண்ணூரில் லாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சக்கர அச்சு பூட்டும் பிரிவில் வேலை பார்த்தார். நான் அதே எண்ணூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். அவருக்குக் கம்பெனி பஸ் உண்டு. எனக்கு இல்லை. அதனால் கல்யாணமான புதிதில் வாங்கிய பழைய காரை ஓட்டியது பெரும்பாலும் நான்தான். உருண்டை மூக்கும் சின்ன உடம்புமாக, அந்த நாளில் தெருவுக்கு ஒன்று நிற்குமே, அந்த மாதிரிக் கார். உருவம் சிறியது, இழுப்பு பெரியது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் சாலையில், அவற்றின் சக்கரங்களுக்கும் அலையைத் தடுக்கக் கடலோரம் கொட்டிய கற்களுக்கும் நடுவே அதை நுழைத்து நுழைத்து எடுத்துப்போய் வருவேன். பிறகு எங்கள் கம்பெனியிலும் பெண்களுக்கு வேன் விட்டார்கள். கார் வாசலில் நிற்க ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் தோஸ்தும் இருங்காட்டுக்கோட்டை மைதானத்துக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்த என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"நம்ம கார் மாதிரியே ஒரு காரு இருந்திச்சி. உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு சீட்டு. கதவுக்கு உள்பக்கம் வெறும் தகடு. எஞ்சின்ல பெருசா ஒண்ணும் செய்யலியாம். கனத்த மட்டும் எடுத்துட்டாங்க. அது வளைவுல திரும்புறத நீ பாக்கணும்!"

காலையிலிருந்து மாலைவரை டன் கணக்கில் கனமான லாரிகளுக்கு அச்சு பூட்டுகிற மனிதருக்கு, லேசான ஒன்றைச் செய்துபார்க்க வேண்டும் என்று ஆசை வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. சொந்த வண்டியோடு யார் வேண்டுமானாலும் வந்து, தனியாக ஓட்டி, நேரம் பார்த்துக்கொள்ளும் நாள் ஒன்று மழைக்காலம் முடிந்ததும் வருகிறது என்றார். "செய்யுங்க," என்றேன்.

வேலை காசிமேட்டில் தோஸ்துவின் படகுக் கொட்டகையில் நடந்தது. சனி, ஞாயிறு என்றால் நானும் போவேன். கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு நடுவே எங்கள் கார் கதவெல்லாம் திறந்து நிற்கும். கம்பளம், கூரைத் துணி, கதவு அட்டைகள், ஸ்டெப்னி, ஏசி, ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லாம் எளிதாக வந்தது, தார்ப் பட்டையைத் தவிர. சத்தம் கேட்காமல் இருக்கத் தரைத் தகட்டின் மேல் தார்ப் பட்டைகளை ஒட்டியிருப்பார்கள். காசிமேட்டு வெயிலில் அது சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்தது. உளி வைத்தால் உளியில் ஒட்டியது, விரல் வைத்தால் விரலில் ஒட்டியது. ஒரு முழு நாள் சுரண்டி உள்ளங்கை அளவு இடம்தான் தெரிந்தது.

மறுநாள் காலை தோஸ்து வெளியே போனார். திரும்பி வரும்போது மீன் பெட்டி நிறைய உடைத்த ஐஸும் ஒரு மூட்டை கல்லுப்பும் கொண்டுவந்தார்.

"மாமு, மீனே வெறைச்சி கட்டையாப் போவுது. தாரு வெறைக்காதா?"

உப்பைக் கலந்த ஐஸைத் தரையில் கொட்டிப் பரப்பி, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டு, நாஸ்தா சாப்பிடப் போனோம். வந்து சாக்கை விலக்கிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார் என் கணவர். தார் பிஸ்கட் மாதிரி உடைந்து தெறித்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாங்கள் மூவரும் கை மரத்துப்போகும்வரை தட்டித் தட்டி அள்ளினோம். ஒரே கஷ்டம், ஐஸ் ஏற்கனவே மீனோடு இருந்தது. கார் எவ்வளவு கழுவியும் வஞ்சிரம் வாடை போகவில்லை.

அடுத்து பானெட். இரும்பு பானெட்டை மாதிரியாக வைத்து, அதன்மேல் மெழுகு தேய்த்து, ஃபைபர் பாயும் பிசினுமாக அடுக்கி, அச்சு எடுத்துத் தோஸ்து புதிதாக ஒன்று வார்த்தார். பளபளவென்று வந்தது. தூக்கிப் பார்த்தால் இரும்பைவிடக் கனம்.

"இன்னா மச்சான் இது?" என்றார் என் கணவர்.

"எவ்ளோ பெரிய அலை அடிச்சாலும் ஒடையாது மாமு!"

"நமக்கு ஏது அலை?"

தோஸ்து மறுபடி மெழுகு டப்பாவைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் படகு செய்த கை, மெல்லியதாகச் செய் என்றால் தயங்கியது. இரண்டாவது பானெட்டை நான் ஒற்றைக் கையால் தூக்கிவிட்டேன். அதே முறையில் பின் கதவு. பிறகு சீட்டு. என் கணவரைப் பழைய சீட்டில் உட்காரவைத்து, அவர் முதுகுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்து, தொட்டி மாதிரி ஒரு ஃபைபர் சீட்டு வார்த்தார். கவிழ்ந்தால் தலை நசுங்காமலிருக்கச் சாத்தாங்காட்டில் கெட்டிக் குழாய் வாங்கிவந்து உள்ளே கூண்டு வெல்டிங் வைத்தார்கள். கனம் கொஞ்சம் கூடியது. "அதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்," என்று நான் சொல்லிவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் எடை பார்க்கச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போனோம். அங்கே கம்பி ஏற்றிய லாரிகளை நிறுக்கும் எடை மேடை ஒன்று உண்டு. முன்னாலும் பின்னாலும் லாரிகள் உறும, நடுவில் எங்கள் மொட்டை வண்டி மேடை ஏறியது. அறைக்குள் இருந்த ஆள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "டிரைவர் எறங்கு!" என்று கத்தினார். என் கணவர் கூண்டுக் குழாய்களுக்கு நடுவே உடம்பை வளைத்து இறங்கினார். சிவப்பு எண்கள் சரசரவென்று கீழே போயின.

"இன்னா சார், பெரிய பார்ட்டு ஒண்ணு எறங்கிடுச்சே!" என்றார் அந்த ஆள்.

பின்னால் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அவர் அப்போது தொண்ணூறு கிலோவைத் தாண்டியிருந்தார். "மாமு, ஐஸு வச்சி நான் பட்ட பாட்டுக்கு, நீ ரெண்டு மாசம் பரோட்டாவ வுட்டிருந்தா போதும்," என்றார் தோஸ்து. ஆய்வகத்தில் நாள் முழுக்க நிறுத்துப் பார்த்துப் பழகிய புத்தி என்னுடையது. அவர் எடைக்கும் என் எடைக்கும் உள்ள வித்தியாசம், பின் சீட்டும் தாரும் பானெட்டும் சேர்ந்த கனத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியதா அது? சொல்லவில்லை.

அதன்பின் ஒருநாள் பயிற்சிக்காக இருங்காட்டுக்கோட்டைக்குப் போனோம். தோஸ்துவுக்குத் தெரிந்த மீன் லாரிக்காரர் ஒருவர் தன் லாரியில் காரை ஏற்றிக்கொண்டு வந்தார். என் கணவர் ஓட்டினார். சில சுற்றுகள் போய்விட்டு உள்ளே வந்து, "பிரேக்கு ஒரு பக்கமா இழுக்குது," என்றார். தோஸ்து படுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. என் கணவர் மறுபடி போனார். திரும்பி வந்து, "சீட்டு ஆடுது," என்றார். சீட்டு அசையவில்லை. மூன்றாம் முறை டயரைச் சொன்னார். பேசும்போது ஹெல்மெட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆய்வகத்தில் ஒரே கருவி வேளைக்கொரு கோளாறு காட்டினால், கருவியை விட்டுவிட்டு அதைப் பிடித்திருக்கும் ஆளைப் பார்ப்போம். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவர் கலகலப்பாகவே இருந்தார். அளவுக்கு மீறிய கலகலப்பு.

பந்தய நாள் காலை மைதானம் நிறைய வண்டிகள். பெயர் பதிவதற்கு முன் ஓர் அதிகாரி வந்து கூண்டைத் தட்டிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுளித்தார். "என்னங்க மீன் வாடை?"

"காசிமேட்டு வண்டி சார்," என்றார் தோஸ்து பெருமையாக. அதிகாரி சிரித்துக்கொண்டே சரி என்று தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

என் கணவர் என்னை அங்கே நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் கையிலிருந்த பொட்டலத்தில் இட்லி அப்படியே இருந்தது.

"ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு பயமா கீது. அந்த வளைவு வந்தாலே கண்ணு இருட்டிக்கினு வருது. இத்தினி நாள் வண்டி செஞ்சேனே, அது எவ்ளோ சந்தோஷமா இருந்திச்சி தெரியுமா? கழட்டுறது, மாட்டுறது, எல்லாம். ஓட்டுறது மட்டும் எனக்குப் புடிக்கல. அவன் அவ்ளோ பாடுபட்டுக்கீறான், எப்டி அவன்கிட்ட சொல்றது?"

நான் யோசிக்கவே இல்லை. "நான் ஓட்டட்டா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம், தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. அப்படியே லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு இட்லியை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். வாயில் இட்லியோடு, "உனக்கு பயமில்லியா?" என்று கேட்டார்.

"தெரியல. எறங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

தோஸ்துவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தோம். அவரோ இரண்டு கையையும் மேலே தூக்கினார். "அல்லா! அன்னிக்கு எட போட்ட எடத்துலியே எனக்கு இது தோணிச்சி தங்கச்சி. மாமு மனசு நோவுமேன்னு வாய மூடிக்கினேன்."

"அடப்பாவி," என்றார் என் கணவர். மூவரும் இத்தனை நாள் ஆளுக்கொரு பக்கம் எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பெயர் எழுதும் மேஜையில் இருந்தவர் என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், முன்னாடி இப்படி எங்கயாவது ஓட்டியிருக்கீங்களா?"

"இல்ல சார். தினம் எண்ணூர் ரோட்டுலதான் ஓட்டினேன்."

"கன்டெய்னர் லாரி நிக்குமே, அந்த ரோடா?"

"ஆமா."

அவர் மறுபேச்சில்லாமல் என் பெயரை எழுதிக்கொண்டார். காலையில் பழகிப் பார்க்கச் சில சுற்றுகள் உண்டு, மெதுவாகப் போங்கள் என்றார்.

என் கணவர் அளவுக்கு வார்த்த சீட்டில் நான் கிணற்றில் விழுந்தவள் போல் இருந்தேன். தோஸ்து படகு மிதப்பதற்காக அடைக்கும் தெர்மாகோல் பாளத்தை அறுத்து, துணி சுற்றி, முதுகுக்கும் இரண்டு பக்கத்துக்கும் திணித்தார். பெல்ட்டை இறுக்கினார் என் கணவர். சுடிதார் துப்பட்டாவைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார்.

முதலில் என்னைப் பயமுறுத்தியது சத்தம்தான். நான் ஓட்டிப் பழகிய அதே வண்டிதான். ஆனால் துணியும் தாரும் போனபின் ஒவ்வொரு சிறு கல்லும் காலுக்கடியில் வெடித்தது. எஞ்சின் மடியில் உட்கார்ந்து கத்துவது போலிருந்தது. முதல் வளைவில் வழக்கம்போல் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி நான் நினைத்ததற்கு முன்பே திரும்பிவிட்டது. அடுத்ததில் கையைக் குறைத்தேன். மூன்றாவது வளைவுக்குள் நானும் வண்டியும் பேசிப் பழகிவிட்டோம். எதிரே லாரி இல்லை, குழி இல்லை, குறுக்கே ஓடும் நாய் இல்லை. இவ்வளவு சுத்தமான சாலையில் நான் ஓட்டியதே கிடையாது. பயம் எங்கோ இருந்தது. ஆனால் எண்ணூர் சாலையில் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டபோது இருந்த பயத்தைவிடச் சின்னது.

மதியம் நேரம் குறிக்கும் ஓட்டம். இரண்டாம் சுற்றில் நேர்பாதையில் முழு வேகத்தில் வரும்போது, பானெட்டின் இடது மூலை லேசாகத் துடிப்பதைப் பார்த்தேன். பானெட்டைப் பூட்டியிருந்த இரும்புப் பின் ஒன்று கழன்றிருந்தது. மூலை தூக்கியது, படிந்தது, மறுபடி தூக்கியது. முழுதாக எழும்பினால் கண்ணாடியை மறைத்துவிடும். எண்ணூர் சாலையில் முன்னால் போகும் லாரியின் தார்ப்பாய் கட்டவிழ்ந்து பறந்து வருவதைப் பலமுறை பார்த்தவள் நான். அப்போதெல்லாம் செய்ததைத்தான் செய்தேன். பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தேன், கையை நேராக வைத்துக்கொண்டேன், ஓரத்துக்கு ஒதுங்கினேன். வேகம் குறையக் குறைய பானெட் தானாகப் படிந்துகொண்டது. புல்லோரம் வண்டி நின்றது.

கொடிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், ஓடக்கூடாத இடத்தில், தொண்ணூறு கிலோவோடு என் கணவர் ஓடி வந்தார். கழுத்தில் என் துப்பட்டா பறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிய நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"ஒண்ணும் ஆவலியே? ஒண்ணும் ஆவலியே?" என்று என் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பின்னு கழண்டுக்கிச்சி. அவ்ளோதான்."

அவர் காரின் கூரைமேல் தலையைச் சாய்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு தோஸ்து வந்து சேர்ந்தார். அவரை ஆறுதல்படுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது. "நான் போட்ட பின்னு தங்கச்சி, நான் போட்ட பின்னு," என்று சொல்லிக்கொண்டே, வேறு பின் போட்டு, போதாதென்று மேலே ஒரு தோல் பட்டையும் இழுத்துக் கட்டினார். அதிகாரிகள் மறுபடி சோதித்துவிட்டு, கடைசியில் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். போனேன். பானெட் அசையவில்லை. முழுசாக ஓட்டி முடித்து, கொடி விழுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

பரிசு ஒன்றும் இல்லை. வரிசையின் நடுவில் எங்கோ வந்தோம். கடைசி இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. பயிற்சியில் தான் எடுத்த நேரத்தைவிட நான் வேகமாக வந்துவிட்டதை என் கணவர், கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு சில வருடங்கள் அப்படியே நடந்தது. அவர் செய்வார், நான் ஓட்டுவேன். எனக்கு மகள் பிறந்த பிறகு அந்த வண்டியை ஆசைப்பட்டுக் கேட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்தப் பந்தய நாள் சாயங்காலம் காரை லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். முன்னால் அதே மீன் லாரிக்காரர், தோஸ்து, என் கணவர், நான் என்று நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மாதவரத்தில் லாரிகள் நகராமல் நின்றன. லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ வாங்கி வந்தார். காலையில் எங்களை இறக்கிவிட்டுவிட்டு வேறு லோடுக்குப் போய்விட்டவர் அவர். நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"இன்னா சார், எப்டி ஓட்டின?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"நான் ஓட்டல. இவங்கதான் ஓட்டினாங்க," என்றார் என் கணவர், டீயை ஊதிக்கொண்டே.

லாரிக்காரர் குனிந்து மற்ற இருவரையும் தாண்டி என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, முதலில் எனக்கு நீட்டினார். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. கடல் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்திருந்தது. எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.